உள்ளங்கைப் புல்லு

ஆமாலே, அந்தத் தாள்ல என் பேரு இருக்கு, பேருக்கு நேரா என் கையெழுத்தும் இருக்கு, இல்லன்னு நான் எப்பலே சொன்னேன்? மைக்கப் புடிச்சு நாலு தடவ அதையே சொல்லுத, ஆவுடையும் போட்டா, ஆவுடையும் போட்டா, போட்டுட்டு இப்ப பேராச்சி அக்காவுக்கு வக்கீலாட்டம் வந்து நிக்கான்னு. கைதட்டு வாங்கிட்டேல்லா? இப்ப உக்காரு. மணி ஒம்பதே முக்கால். பத்து அடிச்சா வெளிய புல்தரையில மிசினு கெளம்பும், அதுக்குள்ள நான் சொல்லி முடிச்சிருவேன், அதுக்கப்புறம் பேச வேண்டியது நான் இல்ல தளவாய், நீ.

மொத வருசப் பிள்ளைய பின்னால நிக்கிய, உங்களுக்கு இந்தக் கத முழுசாத் தெரியாது. நீங்க வந்து சேந்தப்பவே பாதி காலேஜு கையுறையோடதான் திரிஞ்சிச்சு, அதனால உள்ளங்கையில புல்லு முளைக்கது எல்லா காலேஜுலயும் நடக்கதுதான்னு நெனச்சிட்டிய. இல்ல மக்கா, இங்க மட்டுந்தான்.

ஆபீசுக்கு முன்னால கெடக்குல்லா அந்தப் புல்தரை, குத்தாலத்துல சாரல் விழுந்தா இங்க காத்தே ஈரமாயிரும், அந்த ஈரம் பட்டா போதும், விடியிறதுக்குள்ள ஒரு விரற்கடை வளந்து நிக்கும். அத பதினோரு வருசமா வெட்டுனது பேராச்சி அக்கா, ஒத்தப் பொம்பள, கையில ஒரு பன்னருவா. கிழக்கு மூலையில குத்தவச்சு ஆரம்பிச்சா மேக்கு மூலைக்கு வந்து சேர பத்து நாளாவும், வந்து திரும்பிப் பாத்தா கிழக்கு மூலையில வளந்து நிக்கும், சிரிச்சிக்கிட்டே திரும்ப அங்க போவாவ. சம்பளம்னு ஒண்ணு குடுத்தாவ, அது பேருக்கு. நெசமான சம்பளம் அந்தப் புல்லுதான். சாயங்காலம் ஒரு கட்டு கட்டித் தலையில வச்சா வீட்டுல ஏழு ஆடு பசியாறும். அதுல மூத்த கெடாவுக்குப் பேரு கலெக்டர், ஏன்னா மத்த ஆறும் பின்னால வர, அது மட்டும் யாரையும் ஏறெடுத்துப் பாக்காம முன்னால நடக்கும்.

எனக்கு ஊரு சுரண்டைக்கு அங்கிட்டு. மொத பஸ்ஸ விட்டா அடுத்தது பத்தரைக்குத்தான், அதனால ஏழே முக்காலுக்கெல்லாம் நான் இங்க வந்து நிப்பேன், கேட்டுல வாட்ச்மேனும் புல்தரையில அக்காவும் தவிர யாரும் இருக்க மாட்டாவ. ஒம்பதர வரைக்கும் அக்கா வெட்டிக்கிட்டே பேசுவாவ, நான் அசைன்மென்ட் எழுதிக்கிட்டே கேப்பேன். அதே பன்னருவாள முந்தானையில தொடச்சு மாங்கா கீறித் தருவாவ, ‘ஏட்டி ஆவுடை, வாயத் தொற, கையி மையா இருக்கு ஒனக்கு’ன்னு. ஒரு தடவ பேங்க்ல ஏதோ பாரம், சாட்சிக்கு நான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து கடைசியில வால் மாதிரி ஒரு இழுப்பு மேல தூக்கிட்டு நிக்கும். அக்கா அதப் பாத்துட்டு, ‘இது என்னட்டி, பேரா, கலெக்டரு வாலா?’ன்னு வயித்தப் புடிச்சிட்டுச் சிரிச்சாவ. அன்னையில இருந்து எனக்கு அவ்வோ வச்ச பேரு ஆட்டு வாலு. அக்காவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது, ஆனா அந்த வாலு மட்டும் எந்தத் தாள்ல இருந்தாலும் தெரியும். இத ஞாபகத்துல வச்சிக்கிடுங்க.

அடுத்தது நம்ம வழக்கம். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், பிரின்சிபால் சார் இருக்காவன்னு யாரும் முழிக்க வேண்டாம், அவ்வோளுக்கும் தெரியும். வகுப்புல வருகைத் தாளு பெஞ்சு பெஞ்சா வரும், அவனவன் போட்டுட்டுத் தள்ளி விடுவான், வராதவனுக்குப் பக்கத்துல இருக்கவன் போடுவான். எவனும் தாளப் படிச்சதில்ல, வெறும் கோடும் நம்பரும்தான, அதுல என்ன படிக்க? எனக்கு வராத அன்னைக்குத் தளவாய் போடுவான், அவனுக்கு நான் போடுவேன். வாலு சரியா வரலன்னு மொத வருசத்துல இதே மேடைக்குப் பின்னால உக்கார வச்சு, அவன் கையப் புடிச்சு, முப்பது தடவ எழுத வச்சு என் கையெழுத்தப் பழக்கி விட்டவளே நான்தான். ஆமா, என்னய நானே காறித் துப்பிக்கிடுதேன், நீங்க சிரமப்பட வேண்டாம்.

போன வருசம் சாரல் எறங்குன மொத நாளு. அருவியில தண்ணி விழுதுன்னு அத்த பிள்ளையளோட குளிக்கப் போயிட்டேன். போறதுக்கு முன்னால இவனுக்குப் போன் போட்டு ஒத்த வரி சொன்னேன், ‘எனக்கும் சேத்து ஒண்ணு போட்டுருலே’ன்னு. அன்னைக்கு வகுப்பு வகுப்பா வந்த அட்டையில வருகைத் தாளுக்கு அடியில இன்னொரு தாளு இருந்திருக்கு. அதுலயும் கோடு, அதுலயும் நம்பரு. எல்லாப் பயலுவளும் பிள்ளையளும் ரெண்டுலயும் போட்டுத் தள்ளி விட்டுட்டாவ, வராதவங்களுக்கும் சேத்து ரெண்டுலயும். அந்த ரெண்டாவது தாளோட மொத பக்கம் மட்டும் வகுப்புக்கு வரல, அது ஆபீசுல பத்திரமா இருந்திச்சு. அதுல எழுதியிருந்தது என்ன தெரியுமா? மாணவர்களாகிய எங்களுக்குப் புல் வெட்ட ரோபோ வேணும், கல்லூரிக்குள்ள ஒரு பொம்பள அருவாளோட நடமாடுறது எங்களுக்குப் பயமா இருக்கு. எந்த அருவா? எனக்கு மாங்கா கீறிக் குடுத்த அருவா.

ஆபீசுல அக்காவக் கூப்புட்டு அத வாசிச்சுக் காட்டுனாவ. ‘நாங்க என்னம்மா செய்ய, பிள்ளையளே கேக்குதாவ, பாதிப் பேருக்கு மேல போட்டிருக்காவ’ன்னு தாளத் திருப்பித் திருப்பிக் காட்டுனாவ. நான் அப்ப வராந்தாவுலதான் நின்னேன், ஜன்னல் வழியாப் பாத்தேன். கடைசிப் பக்கத்துல, கடைசிக் கோட்டுல, அக்கா விரல் போயி நின்னிச்சு. வாலு மேல நின்னிச்சு. அப்புறம் எந்திரிச்சு வெளிய வந்தாவ, என்னயத் தாண்டித்தான் போனாவ, ஒரு தூணத் தாண்டிப் போற மாதிரி.

பெறவு மிசினு வந்திச்சு. வெள்ளையா, வீட்டுல துணி ஊறப் போடுற பேசின கவுத்தி வச்ச மாதிரி, நாலு சக்கரம். எல்லாரும் ஆமைன்னு பேரு வச்சாவ. அது என்ன வெலன்னு காலேஜு கமிட்டிக்குத்தான் தெரியும், அத விடுங்க, வச்சிருக்க செலவக் கேளுங்க. அது எல்லை தாண்டிப் போயிரக் கூடாதுன்னு தரையச் சுத்தி ஒயரு பொதைக்கணும், ஒயரு பொதைக்க வாகை மரத்து வேர வெட்டணும், வேர வெட்டுனதுல நெழலு போச்சு, நெழலு போனதுல மிசினுக்கு வெயில் ஆவாதுன்னு தகரக் கூரை போடணும், கூரைய எவனும் கழட்டிட்டுப் போயிரக் கூடாதுன்னு கேமரா வைக்கணும், கேமராவப் பாக்க ஒரு ஆளு வைக்கணும். பிளேடு பெங்களூர்ல இருந்து கூரியர்ல வரணும். ஒரு சுள்ளி குறுக்க கெடந்தா நின்னு கத்தும், அதனால தெனமும் பத்து மணிக்கு முன்னால சுள்ளி பொறுக்க ரெண்டு ஆளு. தூத்தல் விழுந்தா வெளிய வராது, இந்த ஊருல மூணு மாசம் தூத்தல். ஆயுத பூசைக்குச் சந்தனம் அப்புனதுல அதுக்குக் கண்ணு தெரியாம ஒயரையும் தாண்டி கெமிஸ்ட்ரி லேபுக்குள்ள போயிட்டு, அத வெளிய கூட்டிட்டு வரத் தனியா ஒருத்தர் கோயம்புத்தூர்ல இருந்து வந்தாவ. ஒத்தப் பொம்பள செஞ்ச வேலைக்கு இவ்வளவும்.

ஆனா பெரிய செலவு அது இல்ல. மொதல் திங்கக்கெழம பத்து மணிக்கு அது முனகிக்கிட்டே கெளம்பி கிழக்கு மூலைய ஒரு சுத்து சுத்தி வந்திச்சு, அங்க வெட்டுப்பட்ட புல்லு கீழ விழல, எங்கயும் விழல, அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு கையிலயும் முளைச்சிச்சு. சும்மா தாடி மாதிரி இல்ல. பேனா எப்படிப் போச்சோ அதே மாதிரி, சுழிச்ச எடத்துல சுழிச்சு, இழுத்த எடத்துல இழுத்து, போட்ட கையெழுத்து அப்படியே உள்ளங்கையில பச்சையா எந்திரிச்சு நின்னிச்சு. தரையில எத்தன அங்குலம் வெட்டிச்சோ கையில அத்தன அங்குலம். எவன் பேருங்கிறது கணக்கு இல்ல, எந்தக் கை போட்டிச்சோ அந்தக் கை. ரெண்டு பேருக்குப் போட்டவன் கையில ரெண்டு பேரு.

மொத நாளு அழுதாவ. ரெண்டாம் நாளு சோப்புப் போட்டாவ. மூணாம் நாளு கேட்டுக்கு எதுத்தாப்புல உள்ள சலூன்ல தலை, தாடி, கைன்னு போர்டு மாத்துனாவ. செவ்வா வெள்ளி வெட்டக் கூடாதுன்னு வீட்டுல சொல்லி விட்டதால புதனும் சனியும் கூட்டம் ரோடு வரைக்கும் நின்னிச்சு. சாம்பாரு ஊத்திப் பெசஞ்சா சோத்தோட புல்லும் வருதுன்னு கேன்டீன்ல கரண்டி வாங்கிப் போட்டாவ. வருகைக்குன்னு புதுசா வச்ச கைரேக மிசினு யாரையும் அடையாளம் தெரியலன்னு சொன்னதால திரும்பவும் தாள்லயே வருகை வாங்குனாவ, திரும்பவும் யாரும் படிக்காமத்தான் போட்டாவ. மூணாம் வருசத்துல ஒரு பிள்ளைக்கு நிச்சயதார்த்தம், மோதிரம் போடக் கையப் புடிச்ச மாப்ள அவ உள்ளங்கையில வேற ஒருத்தன் கையெழுத்து வளந்து நிக்கதப் பாத்துட்டு மோதிரத்தச் சட்டப்பையில போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டான், ஆறு மாசம் கழிச்சு அந்த வேற ஒருத்தனுக்கே அவளக் கட்டி வச்சாவ, நானும் போயிச் சாப்புட்டேன், நல்ல பாயசம். பாட்டனிக்காரங்க அளவெடுத்துக் கருத்தரங்குல வாசிச்சாவ. தரம் பாக்குற கமிட்டி வந்து புல்தரையப் பாத்து, ‘ஒரே மட்டமா எவ்வளவு அழகு’ன்னு சொல்லி, கையுறை போட்ட கையளையெல்லாம் குலுக்கிட்டு, பச்சை வளாகம்னு சான்றிதழ் குடுத்துட்டுப் போனாவ. எல்லாம் நடந்திச்சு. மிசின நிறுத்திப் பாப்போமேன்னு மட்டும் ஒருத்தர் வாயிலயும் வரல. அக்காவத் திரும்பக் கூப்புடுவோமேன்னு வரல.

அக்கா நாலு ஆட்ட வித்துட்டாவ. மிச்சம் மூணு. புல்லுக்கு எங்க போவாவ? சாயங்காலம் நாலு மணிக்குக் கேட்டுக்கு வெளிய அந்த மூணையும் கூட்டிட்டு வந்து பத்தடி தள்ளி நின்னுக்கிடுவாவ. பஸ்ஸுக்கு நிக்க பயலுவ, பிள்ளைய எல்லாம் கைய நீட்டுவாவ, ஆடு வந்து உள்ளங்கையில மேஞ்சிட்டுப் போவும். கூச்சமா இருக்கு, நல்லா இருக்குன்னு சிரிப்பாவ. சலூன் செலவு மிச்சம் வேற. அந்தப் பொம்பளைக்கு எதுத்தாப்புல நின்னு, அவ்வோள வெரட்டுன கையெழுத்தயே அவ்வோ ஆட்டுக்குத் தின்னக் குடுத்துட்டு, ஒருத்தராவது ‘அக்கா, தெரியாமப் போட்டுட்டோம்’னு சொல்லியிருப்பியளா?

ஒரு நாளு கலெக்டர் என்கிட்ட வந்திச்சு. நான் ரெண்டு கையயும் விரிச்சு நீட்டுனேன். மோந்து பாத்திச்சு, வேர்வ உப்ப ஒரு நக்கு நக்கிச்சு, ஒண்ணும் இல்லன்னு அடுத்த ஆளுகிட்டப் போயிட்டு. எனக்கு உசுரே வந்திச்சு. ‘அக்கா, பாத்தியளா, என் கையில இல்ல, நான் போடல’ன்னு கத்துனேன். அஞ்சு மாசம் கழிச்சு மொத தடவையா அக்கா என் மூஞ்சியப் பாத்துப் பேசுனாவ.

‘வழிச்சிருப்ப. பிளேடு என்ன வெல விக்கி.’

அவ்வளவுதான். ஆட்டு வாலுன்னு கூடக் கூப்புடல.

வழிச்சிருப்பான்னு இங்கயும் நாலு பேரு சொல்லுதிய, காதுல விழுது. களைக்கொல்லி அடிச்சிருக்கான்னு கூட ஒரு புத்திசாலி சொன்னான். சரி. என் கையில முளைக்கலன்னா அந்த வாலு எங்கயாவது முளைச்சிருக்கணும்லா? மிசினுக்குத்தான் யாரு கைன்னு தெரியுமே, அது தப்பாது. அது எங்க?

தளவாய்க்கு வலது கையில கட்டு. பைக்குல விழுந்தானாம். எந்த ஊருல, எந்தப் பைக்குல இத்தன மாசம் ஆறாத காயம்? போன மாசம் கேட்டுல நின்னப்ப கலெக்டர் நேரா இவன்கிட்டப் போயி, கட்டோட நுனியக் கடிச்சு இழுத்திச்சு. ரெண்டு சுத்துதான் அவுந்திச்சு. விரலுக்கு எடையில பச்சையா ஒரு வாலு மேல தூக்கிட்டு நின்னத நான் பாத்தேன். இவன் ஆட்ட வயித்துலயே எத்துனான். எத்துன காலு எதுன்னு கூட எனக்கு ஞாபகம் இருக்கு, இடது. ஆடு கத்துன கத்துல அக்கா ஓடி வந்து அதக் கட்டிப் புடிச்சிக்கிட்டாவ, அதனால இவன் கைய அவ்வோ பாக்கல. பஸ்ஸு வந்திச்சு, ஏறிட்டான்.

அடுத்த நாளு லைப்ரரிப் படியில புடிச்சேன். நீ அங்க என்ன சொன்னன்னு இங்க சொல்லுலே. சொல்ல மாட்ட, நானே சொல்லுதேன். ‘நீதான போடச் சொன்ன’ன்னு சொன்னான். வருகைக்குச் சொன்னேன்லேன்னேன். ‘எந்தத் தாளுன்னு நீ எப்பக் கேட்ட?’ன்னான். அப்புறம் எனக்கு ஆறுதல் சொல்லுத மாதிரி கொரலத் தாத்திக்கிட்டு, ‘நம்ம காலேஜுல அறுநூத்து இருவத்திரெண்டு பேரு, முந்நூத்துப் பதினொண்ணு விழுந்திருந்திச்சு, சரி பாதி, பாதிக்கு மேலன்னு எழுத ஒண்ணு கொறஞ்சிச்சு ஆவுடை, ஒண்ணே ஒண்ணு’ன்னான்.

கேட்டியளா? மத்தவங்க எல்லாம் படிக்காமப் போட்டாவ. இவன் ஒருத்தன்தான் ஆபீசுல இருந்த அந்த மொத பக்கத்தையும் படிச்சிட்டுப் போட்டான். கடைசிக் கோடு காலியாக் கெடக்கு, யாரு பேரப் போடலாம்னு யோசிச்சு, அக்காகூடத் தெனமும் ஒண்ணே முக்கா மணி நேரம் உக்காந்திருந்தவ பேர எடுத்துப் போட்டான். முப்பது தடவ பழகுன கையில்லா, வாலு அச்சு அசலா விழுந்திச்சு. எதுக்கு? மாணவர் மன்றச் செயலாளர்னு அந்த மிசின ஓட்டுற வேல இவன் போனுக்கு வந்திச்சு. காலேஜு புத்தகத்துல மிசினு பக்கத்துல முட்டி போட்டு இவன் போட்டோ வந்திச்சு. அந்தப் போட்டோவப் பாருங்க, வலது கை மிசினு முதுகுல இருக்கு, அப்ப கட்டு இல்ல. ஒரு போட்டோவுக்குலே! கேட்டிருந்தா என் அண்ணன் கல்யாண ஆல்பத்துல பாதி உனக்குக் குடுத்திருப்பேனே.

எனக்கு இப்ப வேண்டியது இதுதான். மத்தவனுக்குப் போட்டதையெல்லாம் அவனவன் நான்தான் போடச் சொன்னேன்னு ஒத்துக்கிட்டான், அந்தத் தாளுக்குச் சொல்லலன்னு நிக்கது நான் மட்டுந்தான். ஒத்தக் கையெழுத்து பொய்யின்னு தெரிஞ்சா பாதிக்கு மேலங்கிறது பாதியாயிரும், கமிட்டி காட்டுத தாளு செல்லாது, அக்கா அந்தத் தரைக்குத் திரும்ப வரலாம், இத பிரின்சிபால் சார் உங்க எல்லாருக்கும் முன்னால ஒத்துக்கிட்டாவ. அது ஊருக்கு. எனக்குன்னு ஒண்ணு இருக்கு. அந்தா கதவுகிட்ட நிக்காவ பாருங்க, பேராச்சி அக்கா. காலையில நான் போயிக் கூப்புட்டேன், கதவச் சாத்திட்டாவ. இப்ப வந்து நிக்காவ. வாட்ச்மேன் ஏன் வந்தன்னு கேட்டதுக்கு, ‘ஆடு வந்திச்சு, பின்னால வந்தேன்’னாவளாம். கலெக்டர் கயித்தக் கையில சுத்திக்கிட்டு, என்னயப் பாக்காம சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்காவ. அந்தப் பொம்பள இன்னொரு தடவ என்னயப் பாத்து வயித்தப் புடிச்சிட்டுச் சிரிக்கணும். அவ்வளவுதான்லே.

கேக்குதா? சுள்ளி பொறுக்குத ஆளுவ ஒதுங்கிட்டாவ. முனகுது. கெளம்பிட்டு.

ஏய், போன எடுக்காத. உன் போன்லதான் அத நிறுத்த முடியும்னு எனக்கும் தெரியும். பிரின்சிபால் சார், அந்தப் போன வாங்கி மேச மேல வைங்க. கவுத்து வைங்க. ஆங்.

இந்தா, என் ரெண்டு கையும் இங்க மேச மேல மல்லாக்கக் கெடக்கு. வழிச்சிருந்தா இப்ப முளைக்கட்டும், களைக்கொல்லி அடிச்சிருந்தா மொட்டையாவாவது முளைக்கட்டும், மொத வரிசைக்காரங்க எந்திரிச்சு வந்து பாருங்க. இப்ப உன் கைய இதுக்குப் பக்கத்துல வையி. கட்டு அதுவாவே பொடைக்குது பாரு, தள்ளுது பாரு, துணிக்குள்ள அடங்க மாட்டேங்குது. அக்கா, சுவத்துல ஒண்ணும் இல்ல, இங்கிட்டுப் பாருங்க. கயித்த விட்டுருங்க, கலெக்டரு வரட்டும்.

அவுத்து வையி தளவாய். வச்சிட்டு, மைக்க உன் பக்கமே திருப்பி வைக்கேன், இவ்வளவு பேருக்கும் கேக்கச் சொல்லு: உன் கையில நிக்கது யாரு கையெழுத்து?